தோட்டத்தில் சம்பு வளர்ப்பது எப்படி: தொட்டி, நடவு, வெட்டு, கட்டுப்பாடு

பெயர் தெரியாதவர்களுக்கும் சம்பைப் பார்த்தால் அடையாளம் தெரிந்துவிடும். குளத்தோரத்திலும் தண்ணீர் தேங்கும் பள்ளங்களிலும் ஆள் உயரத்துக்கு மேல் வாள் வாளாக இலைகள். நடுவில் ஒரு நேரான தண்டு, அதன் மேலே கெட்டியான பழுப்புக் கதிர். சம்பங்கோரை, யானைக்கோரை என்றும் சொல்வார்கள். தாவரவியலில் டைஃபா.

இதை வளர்க்கத் தனித் திறமை எதுவும் வேண்டாம். வெயில், தண்ணீர், கொஞ்சம் மண் இருந்தால் தானே வளரும். வளர்ந்ததை நிறுத்தி வைப்பதுதான் கஷ்டம். இரண்டு மூன்று வருடம் கண்டுகொள்ளாமல் விட்டால் சின்னக் குளத்தில் தண்ணீர் கண்ணுக்கே தெரியாது. அதனால் இந்த வழிகாட்டியில் உரமும் பூச்சியும் கொஞ்ச இடத்தில் முடிந்துவிடும்; இனத் தேர்வு, தொட்டி, வெட்டு மூன்றும்தான் அதிக இடம் பிடிக்கும். நடுவதற்கு முன்பே எந்த இனம், எதில் நடுவது என்ற இரண்டையும் சரியாக முடிவு செய்துவிட்டால், பிறகு வருடத்துக்கு நாலைந்து நாள் வேலைதான்.

முதலில், இது எப்படிப் பரவுகிறது

சம்பு இரண்டு வழியில் பரவும். முதல் வழி, சேற்றுக்குள் கிடைமட்டமாக ஓடும் வேர்க்கிழங்கு. ஒவ்வொரு கிழங்கின் நுனியும் கூராக இருக்கும்; மண்ணைத் துளைத்துக்கொண்டு போய், கொஞ்ச தூரத்தில் ஒரு புதுக் குருத்தை மேலே அனுப்பும். அங்கிருந்து மறுபடியும் நாலு பக்கமும் கிளம்பும். நல்ல வெயிலும் ஆழமில்லாத தண்ணீரும் கிடைத்தால், ஒற்றைச் செடி ஒரே வளர்பருவத்தில் பல குருத்துகள் கொண்ட புதராகிவிடும்.

இரண்டாவது வழி, விதை. ஒரு கதிரில் லட்சக்கணக்கில் விதை இருக்கும். பெரிய கதிரில் இரண்டு லட்சத்தையும் தாண்டும். விதை ஒவ்வொன்றிலும் மெல்லிய பஞ்சு இழைகள் ஒட்டியிருப்பதால் காற்று எங்கே கொண்டுபோகிறதோ அங்கே போகும். ஆனால் விதை முளைக்க வெளிச்சம் படும் வெற்று ஈரச் சேறு வேண்டும். ஏற்கனவே செடிகள் அடர்ந்த கரையில் அவ்வளவாக முளைக்காது. புதிதாகத் தோண்டிய குளத்தில் நடாமலேயே சம்பு வந்து நிற்பதற்குக் காரணம் இதுதான்.

பெரிய அளவில் என்ன நடந்திருக்கிறது என்று பார்த்தால், தோட்டத்தில் எதைத் தவிர்க்க வேண்டும் என்பது புரியும். செனகல் ஆற்றின் முகத்துவாரத்தில் கடல்நீர் உள்ளே வராமல் தடுக்க தியாமா அணையைக் கட்டி 1986-ல் முடித்தார்கள். உப்பு ஏறுவதும் நீர்மட்டம் ஏறி இறங்குவதும் நின்றன. வருடம் முழுக்க ஒரே மட்டத்தில் நன்னீர் நின்றதும் சம்பு ஆற்றோரங்களையும் கால்வாய்களையும் பிடித்துக்கொண்டது. அமெரிக்காவின் எவர்கிளேட்ஸ் சதுப்பு நிலத்தில் கதை வேறு. அங்கே விவசாய நிலங்களிலிருந்து வந்த பாஸ்பரஸ், காலங்காலமாக இருந்த ரம்பப்புல்லைத் தள்ளிவிட்டு சம்புக்கு இடம் கொடுத்தது. நிலையான நீர்மட்டம், கூடுதல் சத்து. நம் தோட்டக் குளத்தில் இந்த இரண்டும் தயாராகவே இருக்கின்றன: மட்டம் இறங்க விடாமல் தண்ணீர் விடுகிறோம், மீன் கழிவும் உதிர்ந்த இலையும் சத்தைச் சேர்க்கின்றன.

எந்த இனம் வாங்குவது

நர்சரியில் பெயரைக் கேட்டு வாங்காமல், அட்டையில் உள்ள தாவரவியல் பெயரைப் பார்த்து வாங்குங்கள். ஒரே பேச்சுப் பெயரில் இரண்டு அடி வளர்வதையும் பத்து அடி வளர்வதையும் விற்பார்கள். தொட்டியில் இளம் செடியாக இருக்கும்போது வித்தியாசம் தெரியாது.

டைஃபா லாட்டிஃபோலியா அகல இலைச் சம்பு. ஒன்றரை முதல் மூன்று மீட்டர் வரை போகும். கதிரில் மேலே ஆண் பகுதி, கீழே பெண் பகுதி. இரண்டும் இடைவெளி இல்லாமல் ஒட்டியிருக்கும். பெரிய குளம், பண்ணைக்குட்டை இருந்தால் மட்டும் இதை யோசிக்கலாம். குறுக்கே நாலு மீட்டர்கூட இல்லாத குளத்துக்கு இது வேண்டவே வேண்டாம். டைஃபா ஆங்குஸ்டிஃபோலியா குறுகிய இலைச் சம்பு. இதில் ஆண் பகுதிக்கும் பெண் பகுதிக்கும் நடுவே வெறும் தண்டு கொஞ்சம் தெரியும். அதை வைத்தே அடையாளம் காணலாம். பார்க்க ஒல்லியாக இருந்தாலும் பரவுவதில் சளைத்ததல்ல, இன்னும் ஆழமான தண்ணீரிலும் நிற்கும். வெப்பமான நாடுகளில் குளத்தோரம் தானாக வளர்வது பெரும்பாலும் டைஃபா டொமிஞ்ஜென்சிஸ். அதுவும் உயரமான, அடங்காத வகைதான்.

சின்னத் தோட்டத்துக்கு ஏற்றது டைஃபா மினிமா. 30 முதல் 75 சென்டிமீட்டர்தான் வளரும். இலை புல் போல மெல்லியது. கதிர் நீளமாக இல்லாமல் கோலிக்குண்டு அளவில் உருண்டையாக வரும். தொட்டியிலேயே ஆயுள் முழுக்க வைத்திருக்கலாம். குளிர்காலம் என்று ஒன்று உள்ள ஊர்களில்தான் இது தெம்பாக இருக்கும். நடுத்தர உயரம் வேண்டுமென்றால் டைஃபா லாக்ஸ்மன்னி, ஒன்று முதல் ஒன்றரை மீட்டர். லாட்டிஃபோலியாவிலேயே 'வேரியகேட்டா' என்று ஒரு ரகம் உண்டு. இலையில் நீளவாக்கில் வெண்மஞ்சள் கோடுகள். சாதாரண லாட்டிஃபோலியா அளவுக்கு வேகம் கிடையாது, பார்க்கவும் அழகு. நடுவில் முழுப்பச்சைக் குருத்து வந்தால் உடனே அடியோடு எடுத்துவிட வேண்டும். விட்டால் வேகமான பச்சைதான் ஜெயிக்கும்.

கதிர் முக்கியமில்லை, நிமிர்ந்து நிற்கும் பச்சைக் குச்சிகள்தான் வேண்டும் என்பவர்கள் சம்பை விட்டுவிட்டு 'ஜீப்ரினஸ்' என்ற வரிக்கோரையைப் பார்க்கலாம். இது ஷோனோபிளெக்டஸ் பேரினக் கோரை. தண்டில் குறுக்குவாக்கில் வெள்ளை வளையங்கள் இருக்கும். ஒரு தொட்டிக்குள் சாதுவாக இருக்கும்.

வாங்கும் முன் உங்கள் பகுதியில் அந்த இனம் தடை செய்யப்பட்டிருக்கிறதா என்றும் விசாரியுங்கள். டைஃபா லாட்டிஃபோலியா பல நாடுகளில் உள்ளூர்ச் செடி, ஆஸ்திரேலியாவில் அது வந்தேறிக் களை. வட அமெரிக்காவின் பேரேரிகளைச் சுற்றி ஆங்குஸ்டிஃபோலியாவும் லாட்டிஃபோலியாவும் கலந்து பிறந்த கலப்பினம்தான் பெரிய தொல்லை. காட்டு நீர்நிலையில் இருந்து பிடுங்கி வருவதை நான் ஆதரிக்க மாட்டேன். சட்டச் சிக்கல் ஒரு பக்கம் இருக்க, கிழங்கோடு நத்தை முட்டை, பாசி, வேறு களை எல்லாம் கூடவே வந்துவிடும்.

இடமும் ஆழமும்

ஒரு நாளில் குறைந்தது ஆறு மணி நேரம் நேர்வெயில் விழும் இடம் வேண்டும். நிழலிலும் செடி உயிரோடு இருக்கும். ஆனால் இலை நீண்டு மடிந்து விழும், கதிர் வராது. காற்று அதிகம் அடிக்கும் பக்கம் உயரமான இனத்தை வைக்காதீர்கள். செடி தாங்கும், தொட்டி கவிழும்.

மண்ணுக்கு மேல் எவ்வளவு தண்ணீர் நிற்க வேண்டும் என்பது இனத்தைப் பொறுத்தது. மினிமாவுக்கு 5 முதல் 10 சென்டிமீட்டர் போதும். லாட்டிஃபோலியாவுக்கு 15 முதல் 30. ஆங்குஸ்டிஃபோலியா அரை மீட்டருக்கு மேலும் சமாளிக்கும். எல்லா இனமும் வெறும் சதசதப்பான மண்ணிலும் வளரும். வளரும் காலத்தில் மண் முழுவதும் காய விடக்கூடாது, அவ்வளவுதான்.

தொட்டி: இங்கே கஞ்சத்தனம் வேண்டாம்

குளத்தின் அடியில் மண் கொட்டி நேரடியாக நடுவது இயற்கையாகத் தோன்றும். செய்யாதீர்கள். தண்ணீர் கசியாமல் இருக்கக் குளத்துக்கு லைனர் ஷீட் விரித்திருந்தால் கிழங்கு நுனி அதைக் குத்திக் கிழித்துவிடும். ஓட்டை எங்கே என்று கண்டுபிடிக்கக் குளத்தையே காலி செய்ய வேண்டியிருக்கும். மண் குளமாக இருந்தால் கிழியாதுதான், ஆனால் செடியை நிறுத்த அங்கே ஒன்றுமே இல்லை.

நீர்த்தாவரங்களுக்கு என்று விற்கும் வலைக்கூடை அல்லிக்குச் சரி. உயரமான சம்புக்குச் சரியில்லை. வலைக்கண் வழியாகக் கிழங்கு வெளியே வந்துவிடும். அடியிலோ பக்கத்திலோ துளையே இல்லாத, தடித்த பிளாஸ்டிக் தொட்டிதான் வேண்டும். உயரத்தைவிட அகலம் அதிகமாக இருப்பது நல்லது, அப்போதுதான் கவிழாது. லாட்டிஃபோலியாவுக்கு வாய் அகலம் 40 சென்டிமீட்டருக்குக் குறையக் கூடாது. மினிமாவுக்கு 20 முதல் 25 போதும், வலைக்கூடையானாலும் பரவாயில்லை.

எடையையும் கணக்குப் போட்டுப் பாருங்கள். தண்ணீர் ஊறிய களிமண் லிட்டருக்கு இரண்டு கிலோவை நெருங்கும். 20 லிட்டர் தொட்டியே 35 கிலோவைத் தாண்டும். 40 லிட்டர் என்றால் தண்ணீரிலிருந்து ஒரு ஆள் தூக்க முடியாது. மூன்று நாலு வருடத்துக்கு ஒருமுறை இதை வெளியே எடுக்கத்தான் போகிறீர்கள். ஆகவே தொட்டியின் விளிம்பில் இரண்டு பக்கமும் உறுதியான நைலான் கயிற்றை முதல் நாளே கட்டிவிடுங்கள்.

குளமே இல்லாதவர்களும் வளர்க்கலாம். துளையில்லாத பெரிய டப்பில் விளிம்பிலிருந்து 10 முதல் 15 சென்டிமீட்டர் கீழே வரை மண், அதற்கு மேல் 5 சென்டிமீட்டர் தண்ணீர். மொட்டை மாடியிலோ முற்றத்திலோ வைப்பதற்கு மினிமா அல்லது வேரியகேட்டா பொருத்தம்.

மண் கனமாக இருக்கட்டும். களிமண் கலந்த தோட்ட மண் நல்லது. எரு, மண்புழு உரம், தேங்காய் நார்க் கழிவு எதையும் கலக்க வேண்டாம். இவை தண்ணீரில் மிதந்து கலங்கலாக்கும், சத்து கரைந்து பாசியை வளர்க்கும். நடவுக் கலவை என்று பையில் விற்பதும் இதே காரணத்தால் வேண்டாம்.

நடவு

புதுக் குருத்து கிளம்பும் பருவம்தான் நடவுக்கு ஏற்றது. குளிர் நாடுகளில் வசந்தத்தின் தொடக்கம் முதல் கோடையின் ஆரம்பம் வரை. குளிர் இல்லாத இடங்களில் கடும் வெயில் மாதங்களைத் தவிர எப்போது வேண்டுமானாலும் நடலாம். குளம் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் முதலில் ஒரு செடி வாங்கினால் போதும்.

1. தொட்டியின் அடியில் இரண்டு மூன்று கனமான கற்களை வைத்து, முக்கால் பாகம் ஈர மண்ணைப் போட்டு அழுத்துங்கள். உள்ளே காற்றுப் பொந்து இருக்கக்கூடாது.

2. கிழங்காக வாங்கியிருந்தால், கையால் அழுத்திப் பாருங்கள். நல்ல கிழங்கு கெட்டியாக, உள்ளே வெள்ளையாக இருக்கும். பழுப்பேறி மெத்தென்று அமுங்கினால் அந்தப் பகுதியை வெட்டி எறியுங்கள்.

3. கிழங்கைப் படுக்க வைத்து, மொட்டு மேலே பார்க்க, 5 சென்டிமீட்டர் ஆழத்தில் மூடுங்கள். வளரும் நுனியைத் தொட்டியின் நடுப்பக்கம் திருப்பி வையுங்கள். ஓடுவதற்குத் தொட்டிக்குள்ளேயே கொஞ்ச தூரம் கிடைக்கும்.

4. மேலே 2 முதல் 3 சென்டிமீட்டர் உருண்டையான கூழாங்கல். மீன் மண்ணைக் கிளறாமல் இருக்க இது. கூர்மையான ஜல்லி போட்டால் தொட்டி சரியும்போது லைனரைக் கீறும்.

5. தொட்டியை வெளியிலேயே வைத்து மண் முழுக்க நனையும்வரை பூவாளியால் தண்ணீர் விடுங்கள். பிறகு சாய்வாக, மெதுவாகக் குளத்துக்குள் இறக்குங்கள். ஒரேயடியாகப் போட்டால் உள்ளே உள்ள காற்று குமிழ் விட்டு மண்ணையும் கிழங்கையும் சேர்த்துக் கிளப்பிவிடும்.

6. நேராக முழு ஆழத்துக்குக் கொண்டுபோகாதீர்கள். கீழே செங்கல் அடுக்கி, மண் மட்டத்துக்கு மேல் 3 முதல் 5 சென்டிமீட்டர் தண்ணீர் நிற்கும்படி வையுங்கள். இலை வளர வளர ஒவ்வொரு செங்கலாக எடுத்துக்கொண்டே வரலாம்.

இலையோடு வந்த செடி என்றால் நடும்போது இலையை நறுக்குவது வழக்கம். காற்றில் ஆடிக் கிழங்கு பிடுங்காமல் இருக்க அது உதவும். ஆனால் நறுக்கிய முனை தண்ணீருக்கு மேல் ஒரு சாணாவது நிற்க வேண்டும். ஏன் என்று பார்க்க, ஒரு இலையின் அடிப்பகுதியைக் குறுக்கே வெட்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளைத் தடுப்புகளோடு வரிசை வரிசையாகச் சின்னச் சின்னக் காற்றறைகள் தெரியும்; இலை அடுக்குகளுக்கு நடுவே நிறமில்லாத வழுவழுப்பான கூழ் விரலில் ஒட்டும். சேற்றுக்குள் ஆக்சிஜன் கிடையாது. கிழங்கு மூச்சு விடுவது இந்தக் காற்றறைகள் வழியாகத்தான். வெட்டு முனை தண்ணீருக்குள் மூழ்கினால் கிழங்கு மூச்சு முட்டிச் சாகும். நடவு நாளில் இதைத் தவிர்க்க வேண்டும். பின்னால் சம்பை ஒழிக்க நினைத்தால் இதையேதான் செய்ய வேண்டும்.

விதையிலிருந்து

செய்யலாம், அவசரம் இல்லாதவர்களுக்கு. முதிர்ந்த கதிரிலிருந்து ஒரு சிட்டிகை பஞ்சே அதிகம். தட்டையான தட்டில் ஈர மண், அதன் மேல் பஞ்சைப் பரப்பி அழுத்தி, மண்ணால் மூடாமல், ஒரு சென்டிமீட்டர் தண்ணீர் நிற்கும்படி வெளிச்சத்தில் வையுங்கள். பஞ்சு நனைந்ததும் விதை பிரிந்து அடியில் இறங்கும். வெதுவெதுப்பான இடத்தில் ஓரிரு வாரத்தில் ஊசி நுனி அளவு பச்சை தெரியும். விரல் நீளம் வந்ததும் தனித்தனித் தொட்டிக்கு மாற்றிக்கொள்ளலாம். கதிர் பார்க்க அடுத்த வருடம்வரையாவது பொறுக்க வேண்டும். வேரியகேட்டாவின் கோடுகள் விதையில் வராது. அதற்குக் கிழங்குதான் வழி.

தண்ணீரும் உரமும்

குளத்தில் இருக்கும் செடிக்கு உரம் தேவையே இல்லை. மீன் இருந்தால் கேட்கவே வேண்டாம். தனியாக டப்பில் இருக்கும் செடி இரண்டாவது வருடத்தில் வெளிறினால் மட்டும், நீர்த்தாவரங்களுக்கான மெதுவாகக் கரையும் உர மாத்திரை ஒன்றைக் கிழங்குக்குப் பக்கத்தில் மண்ணுக்குள் ஆழமாக அழுத்திவிடுங்கள். தண்ணீரில் கரைத்து ஊற்றினால் பாசிக்குத்தான் விருந்து.

வெயில் காலத்தில் சம்பு உறிஞ்சி ஆவியாக்கும் தண்ணீர் கொஞ்சநஞ்சமல்ல. டப்பில் இருந்தால் தினமும் பார்க்க வேண்டியிருக்கும். மழைநீர் கிடைத்தால் முதலிடம் அதற்கு. குழாய்த் தண்ணீரை ஒரு இரவு திறந்து வைத்தால் குளோரின் போய்விடும். குளோரமைன் சேர்க்கும் ஊர்களில் அப்படிப் போகாது, மீன் இருந்தால் அதை நீக்கும் மருந்து தேவைப்படும்.

சம்பு தண்ணீரைச் சுத்தம் செய்யும் என்பது பாதி உண்மை. நைட்ரஜன், பாஸ்பரஸ், சில கன உலோகங்களைக்கூட அது உறிஞ்சும். கழிவுநீரைச் சுத்திகரிக்கும் செயற்கைச் சதுப்பு நிலங்களில் உலகம் முழுக்க இதைப் பயன்படுத்துகிறார்கள். ஆனால் உறிஞ்சியது இலையிலும் கிழங்கிலும்தான் இருக்கிறது. காய்ந்த இலையை வெட்டி வெளியே எடுக்காமல் குளத்திலேயே அழுக விட்டால், எடுத்ததில் பெரும்பங்கு திரும்பத் தண்ணீருக்கே வந்துவிடும். இதே காரணத்தால், எந்தத் தண்ணீரில் வளர்ந்தது என்று தெரியாத சம்பின் குருத்தையோ கிழங்கையோ யாரும் சமைக்கச் சொன்னால் கேட்காதீர்கள். வேறொரு ஆபத்தும் உண்டு. பூ இல்லாத சமயத்தில் மஞ்சள் ஐரிஸ் செடி இளம் சம்பு மாதிரியே இருக்கும்; அது விஷம். ஐரிஸின் இலைகள் அடியில் விசிறியாகத் தட்டையாக விரிந்திருக்கும். சம்பின் அடி கிட்டத்தட்ட உருளையாகத் திரண்டிருக்கும்.

கதிர்

கோடையில் தண்டு எழும்பும். மேல் பாதியில் மஞ்சள் மகரந்தம், கீழே பச்சைப் பெண் பகுதி. மகரந்தத்தைக் காற்று கொண்டுபோகும். வேலை முடிந்ததும் ஆண் பகுதி உதிர்ந்து வெறும் குச்சி மட்டும் மிஞ்சும். கீழ்ப்பகுதி பழுப்பாகிக் கெட்டிப்படும். அப்போதுதான் எல்லோரும் படம் எடுக்கும் அழகு.

இந்த அழகை எத்தனை நாள் விட்டுவைப்பது என்பதில் கொஞ்சம் கண்டிப்பு வேண்டும். முதிர்ந்த கதிரை விரலால் லேசாக அழுத்தினால் ஒரு இடத்தில் தோல் பிளந்து, உள்ளே நெருக்கி அடைத்திருந்த பஞ்சு கிழிந்த தலையணை மாதிரி கைநிறையப் பொங்கி வரும். அது காற்றில் கிளம்பிவிட்டால் உங்கள் குளம், பக்கத்து வீட்டுக் குளம், தெருக்கோடி வாய்க்கால் எல்லாமே நாற்றங்கால்தான். ஆகவே பழுப்பாகி, இன்னும் கெட்டியாக, பிளவு எதுவும் விழாத நிலையிலேயே வெட்டிவிடுங்கள்.

பூச்சாடிக்கு வேண்டுமென்றால் இன்னும் முன்னதாக, பழுப்பேறத் தொடங்கியதுமே வெட்ட வேண்டும். தலைகீழாகக் கட்டி நிழலில் காயவைத்து, கதிர் முழுக்க ஹேர் ஸ்பிரே அடித்தால் வெடிக்காமல் நெடுநாள் நிற்கும். அடுப்பு, விளக்குத் திரி பக்கம் வைக்காதீர்கள். காய்ந்த சம்பு சட்டென்று பற்றிக்கொள்ளும்.

வருடாந்திர வெட்டு

குளிர்காலத்தில் இலை காய்ந்து வைக்கோல் நிறத்துக்கு வந்ததும் கத்தரிக்கக் கை அரிக்கும். பொறுங்கள். காய்ந்த தண்டு வழியாகவும் கிழங்குக்குக் காற்று போகிறது. குளம் உறையும் ஊர்களில் பனிக்கட்டியைத் துளைத்து நிற்கும் அந்தத் தண்டுகளுக்குப் பக்கத்தில் வாயுக்கள் வெளியேறவும் வழி கிடைக்கும். பல பூச்சிகள் உள்ளே குளிரைக் கழிக்கின்றன. குளிர் முடிந்து, புதுக் குருத்து எட்டிப் பார்க்கும் முன் வெட்டுவதே சரி. தண்ணீருக்கு மேல் ஒரு சாண் விட்டு வெட்டி, வெட்டியதை அன்றே வாரி வெளியே எடுத்துவிடுங்கள். வெட்டும் முன் புதருக்குள் பறவைக் கூடு இருக்கிறதா என்று பாருங்கள். வெயில் காலத் தொடக்கத்தில் தும்பி இளம்பூச்சிகள் தண்டைப் பிடித்து மேலே ஏறித் தோல் உரிக்கும், அந்தச் சமயத்திலும் கைவைக்காமல் இருப்பது நல்லது.

குளிரே இல்லாத இடங்களில் வருடம் முழுக்கப் பச்சை இருக்கும். அங்கே மாதம் ஒருமுறை பழுத்த இலையை மட்டும் எடுத்துக்கொண்டிருந்தால் போதும்.

பிரித்து நடுவது

தொட்டி பிதுங்கத் தொடங்கினால், குருத்துகள் விளிம்போரமாக மட்டும் வந்து நடு காலியாக இருந்தால், பிரிக்க வேண்டிய நேரம். பெரிய இனத்துக்கு மூன்று நாலு வருடம், மினிமாவுக்கு இரண்டு. தொட்டியைக் கரையேற்றிக் கவிழ்த்தால் உள்ளே மண்ணைவிடக் கிழங்குதான் அதிகம் இருக்கும். கத்தியால் ஆகாது, பழைய மர ரம்பம் எடுத்துக்கொள்ளுங்கள். ஓரத்தில் உள்ள இளம் கிழங்கில் இரண்டு மூன்று மொட்டும் நல்ல வேரும் உள்ள ஒரு துண்டைத் திரும்ப நடவும். நடுவில் உள்ள பழையதைத் தூக்கி எறியுங்கள். மிஞ்சியதை எறிய மனம் வராமல், அதையும் நட்டுவிடலாமே என்று நினைப்பவர்களின் குளம்தான் சீக்கிரம் காணாமல் போகும்.

பூச்சி, கொசு

சம்புக்கு நோய் அவ்வளவாக வராது. அசுவினி கூட்டமாக ஒட்டினால் குழாய்த் தண்ணீரைப் பீய்ச்சித் தள்ளிவிடுங்கள், மீன் தின்றுவிடும். தண்ணீருக்கு மேல் எந்தப் பூச்சிமருந்தும் வேண்டாம். தண்டுக்குள் அந்துப்பூச்சிப் புழு குடைந்து நடுக்குருத்து காய்ந்தால் அந்தத் தண்டை மட்டும் வெட்டி எடுங்கள்.

கொசுவுக்கு மீன் இருந்தால் பெரும்பாலும் போதும். மீன் இல்லாத டப்புக்கு, கொசுப்புழுவைக் கொல்லும் பிடிஐ பாக்டீரியா மாத்திரை இருக்கிறது. ஒரு விஷயம் மட்டும்: கோகிலெட்டிடியா என்ற கொசு வகையின் புழுக்கள் சம்பு போன்ற செடிகளின் வேரைக் குத்தி அங்கிருந்தே காற்றை எடுத்துக்கொள்ளும், மேலே வராது. அடர்ந்து கிடக்கும் பழைய புதரில்தான் இவை செழிக்கும். புதரைக் குறைத்து வைப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

மற்றபடி வரும் குறைகள் சொற்பம். கதிர் வரவில்லை என்றால் நிழல், இடநெருக்கடி, அல்லது செடிக்கு வயது போதவில்லை. இலை மடிந்து விழுந்தால் வெளிச்சம் குறைவு அல்லது சத்து அதிகம். இலை நுனி மட்டும் பழுப்பானால் வெயிலும் வறட்டுக் காற்றும்தான், கவலை வேண்டாம்.

கை மீறிவிட்டால்

வீடு வாங்கும்போதே சம்பு நிறைந்த குளம் கூடவே வந்தவர்களுக்கு இந்தப் பகுதி. இழுத்துப் பிடுங்கினால் இலை கையோடு வரும், கிழங்கு உள்ளேயே நிற்கும். களைக்கொல்லி மீனையும் தவளையையும் சேர்த்துத் தாக்கும்; வேண்டாம்.

முன்பே சொன்ன மூச்சு முட்ட வைக்கும் முறைதான் பலன் தரும். பூத்தண்டு வெளியே வரும் சமயத்தில் கிழங்கில் சேமித்த மாவுச்சத்து மிகக் குறைவாக இருக்கும். அப்போது பச்சைத் தண்டு, காய்ந்த தண்டு எதையும் விடாமல், தண்ணீர் மட்டத்துக்குக் கீழே குறைந்தது 15 சென்டிமீட்டரில் அரிவாளால் அறுங்கள். காய்ந்த குச்சி நாலு விட்டுப்போனாலும் அதன் வழியாகக் கிழங்கு மூச்சு விட்டுக்கொள்ளும். முடிந்தால் குளத்து மட்டத்தை இன்னும் கொஞ்சம் ஏற்றி வையுங்கள். சில வாரத்தில் மீண்டும் குருத்து வரும், அதையும் மேலே எட்டும் முன் அறுத்துவிடுங்கள். ஒரே பருவத்தில் இரண்டு மூன்று முறை இப்படிச் செய்தால் பெரும்பகுதி அழுகிவிடும். அடுத்த வருடம் மிச்சம் மீதி. குளம் பெரிதாக இருந்தால் ஒரே நாளில் எல்லாவற்றையும் அறுக்காமல் பகுதி பகுதியாகச் செய்யுங்கள். அவ்வளவு கிழங்கும் ஒரே நேரத்தில் அழுகினால் தண்ணீரில் ஆக்சிஜன் குறைந்து மீன் செத்து மிதக்கும்.

தண்ணீரை வடித்துவிட முடிந்த குளமாக இருந்தால் மண்வெட்டியால் கிழங்கைத் தோண்டி எடுப்பது இன்னும் வேகம். லைனர் இருந்தால் மண்வெட்டியை மறந்துவிட்டுக் கையால் எடுங்கள், ரப்பர் கையுறையோடு. இலை விளிம்பு விரலைக் கீறும்.

எடுத்த கிழங்கை என்ன செய்வது? உரக்குழியில் பச்சையாகப் போட்டால் அங்கேயே துளிர்க்கும். சிமெண்ட் தரையில் பரப்பி, மொறமொறவென்று ஒடியும்வரை வெயிலில் காயவிட்டு அப்புறம் உரக்குழிக்கு அனுப்புங்கள். கதிர்களை மட்டும் தனியாக ஒரு பையில் கட்டிக் குப்பைக்குப் போட வேண்டும். ஆறு, ஏரி, வாய்க்கால் ஓரத்தில் எதையும் கொட்டாதீர்கள். மொட்டுள்ள ஒரு விரல் நீளக் கிழங்கு போதும், அங்கே வேர் பிடித்துக்கொள்ளும்.